இரண்டு கிலோபைட் சாந்தாமேரி

நாள்காட்டித் தாளைக் கிழித்து, அன்றைய வேதவசனத்தை ஒருமுறை படித்துவிட்டு, சாந்தாமேரி தாளைத் திருப்பி எழுதத் தொடங்குவாள். 3E, 05, D3, 01. ஒரு தாளில் இருபது வரிக்குமேல் கொள்ளாது. கொள்ளவில்லையென்றால் தாள் சிறியது என்று சொல்லமாட்டாள். எழுதியது பெரியது என்பாள். அடித்துவிட்டு மறுநாள் தாளுக்குக் காத்திருப்பாள்.

ஏற்காடு பஜாரில் ஸ்டெபிலைசர் பழுதுபார்க்கும் கடை அவளுடையது. வயது முப்பத்தெட்டு. சேலையின் மேல் ஆண்கள் ஸ்வெட்டர், அதன் பைகளில் ரெசிஸ்டர்கள். பெங்களூர்த் தொழிற்சாலையில் ஆறு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியபோது அவள் கொண்டுவந்தவை இரண்டு: ஒரு சால்டரிங் அயர்ன், 8085 சிப்பின் கட்டளைகள் முழுவதும், எண்களாகவே. இரண்டாவது தலைக்குள் இருந்தது. பேச்சு போதும் என்று தோன்றினால் "சி-ஒன்பது" என்று எழுந்துவிடுவாள். வந்த இடத்துக்குத் திரும்பு என்று சிப்புக்குச் சொல்லும் எண் அது. பஜாரில் பாதிப் பேருக்கு இப்போது அர்த்தம் தெரியும்.

அவளுக்கு எதிர்வாதம் செய்ய சனிக்கிழமைதோறும் சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் பாலு என்கிற பாலசுப்பிரமணியம் வருவான். இருபத்தாறு வயது. கம்ப்யூட்டர் விற்பான், அதற்கான புரோகிராமையும் தானே எழுதுவான். எல்லாம் டாஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மேல் ஓடும். பேக்கரி பெஞ்சில் தேநீர் ஆறுவது தெரியாமல் இருவரும் சண்டையிடுவார்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லாத புரோகிராம் கூரை போடாத ஊடு என்பான் அவன். ஒரு கதவைத் திறக்கவும் மூடவும் இவ்வளவு கூட்டம் எதற்கு என்பாள் இவள்.

"எனக்கும் சிப்புக்கும் நடுவுல எதுக்கு கண்ணு ஒரு தரகரு?"

"அக்கா, நாளைக்கு உங்களுக்கு ஒடம்பு முடியலீன்னா உங்க எண்ணுங்கள யாரு படிப்பாங்க?"

இதற்கு மட்டும் அவள் பன்னைப் பிய்த்து அவன் பக்கம் தள்ளுவாள்.

எண்பத்தெட்டு டிசம்பரில் இந்தச் சண்டை கொட்டச்சேட்டுக்குப் போயிற்று. அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் பக்கத்துப் பக்கத்தில் கொட்டை காயவைக்கும் இரண்டு டிரையர்கள். ஒன்றில் அவனுடைய கம்ப்யூட்டர், மற்றதில் இவள் 8085 சிப்பை வைத்துச் செய்த பெட்டி. வேலை ஒன்றுதான்: காற்றாடியை ஓட்டவேண்டும், சூடு ஏறினால் அடுப்புக் கதவை மூடவேண்டும், இருபத்துநாலு மணி நேரம் எண்ணி நிறுத்தவேண்டும். மேனேஜர் ஆரோக்கியதாஸ் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அது கம்பெனியின் ஆறு எஸ்டேட்டுக்கும் போகும். அவனுடையது போனால் சாந்தாமேரிக்குக் கடைசிவரை ஸ்டெபிலைசர்தான். அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டு கிலோபைட்டில் எழுதி முடித்து, எண்பது பைட் மிச்சம் வைத்திருந்தாள்.

இருபது மணி நேரம் இரண்டும் பிசகாமல் ஓடின. மறுநாள் காலை எங்கோ மரம் விழுந்து கரண்டு போயிற்று. சாந்தாமேரி தன் டிரையரிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக் கடித்தாள். டிரையர் ஓட்டும் செல்லப்பனும் ஒன்றைக் கடித்தார்.

"இன்னொரு நாலு மணி நேரம் காஞ்சாப் போதுமுங்க," என்றார் அவர். அவளும் தலையசைத்தாள்.

கரண்டு வந்தது. அவள் பெட்டி இமைக்கும் நேரத்தில் காற்றாடியை ஓடவிட்டது. பாலுவின் திரையில் எழுத்துகள் ஓடி நின்றன.

"ஏனுங்க, என்னமோ கேட்டுப்போட்டு நிக்குதுங்க," என்றார் செல்லப்பன்.

இன்றைய தேதி என்ன என்று கேட்டது. ரெக்கார்டில் தேதி தவறக் கூடாது என்று பாலுவே வைத்த ஏற்பாடு. அவன் தேதியைத் தட்டினான். அடுத்து நேரம் கேட்டது. ஆரோக்கியதாஸ் சிரித்துவிட்டார்.

"தம்பி, நீங்க சேலத்துல இருக்கறப்ப இதுக்கு செல்லப்பன் பதில் சொல்லுவாருங்களா? அம்மா பெட்டியப் பாருங்க, யாரையும் கேக்காம வேலையப் பாக்குது. இதுவே போதும். ஆறு எஸ்டேட்டுக்கும் எழுதிர்றேன்."

பாலு தலையைக் குனிந்துகொண்டு நேரத்தையும் தட்டினான். அவனுடைய காற்றாடியும் சுழன்றது. திரையில், ஃபிளாப்பியில் எழுதிவைத்திருந்த கணக்கைப் படித்து, இருபது மணி நேரம் ஆயிற்று என்று காட்டியது. சாந்தாமேரி அதைப் படித்தாள். பிறகு தன் பெட்டியின் சிவப்பு இலக்கங்களைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் என்றிருந்தன. பெட்டி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு பகலும் இரவும் அந்தக் கொட்டையைக் காயவைக்கும். உரலில் இட்டாற்போல நொறுங்கும்.

மேனேஜர் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். சிவப்பு இலக்கங்களை வேறு யாரும் பார்க்கவில்லை.

"செத்த இருங்க," என்றாள். "விட்ட எடத்த ஞாபகம் வெக்க ஒரு பேட்டரி, ஒரு நாப்பது பைட்டு. புதன்கெழம கொண்டாறேன். செல்லப்பண்ணா, நாலு மணி நேரம் சுவிச்சப் போட்டு நீங்களே ஓட்டிக்குங்க."

குனிந்து, ஓடிக்கொண்டிருந்த தன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.