கரையில் பூத்த உப்பு

நாகஜோதி அக்கா செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில், கண்மாய்க் கரைக்குக் கீழே இருக்கும் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தாள். எனக்குப் பக்கத்து வீடு. வந்த நாளிலிருந்து அவளுக்கு இரண்டு தொல்லை. ஒன்று, மழைக்கு மழை கரைந்து வீட்டுக்குள் இறங்கும் கரை மண். இன்னொன்று, சுவரில் பூக்கும் உப்பு.

எங்கள் பக்கத்தில் உப்பு பூத்துவிட்டால் அந்தச் சுவரின் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். வெள்ளையாகப் பொங்கும், பூச்சு உதிரும், செங்கல் மாவாகிவிடும். கண்ணில் பட்டதுமே சுரண்டிவிட வேண்டும். அக்காவும் கல்யாணமாகி வந்ததிலிருந்து சுரண்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அருள்பாண்டி லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டார். அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

போன ஆடியில் மதுரையிலிருந்து பிரியம்வதா என்று ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். கரையைக் கல்லாக்கப் போகிறாளாம். சிமென்ட் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியை மண்ணில் விட்டு, யூரியாவும் கால்சியமும் கரைத்த தண்ணீரை ஊற்றி வந்தால், மணலுக்கு மணல் நடுவே சுண்ணாம்பு படிந்து ஒட்டிக்கொள்ளுமாம். நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. ஊற்றுகிற வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தினமும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறுவாள், இறங்குவாள். ஆட்டுக் கொட்டடி போல ஒரு நெடி மூக்கில் ஏறும். பார்க்கிற எனக்கே அலுத்துப்போகும்.

"எதுக்குக்கா இம்புட்டு பாடு?" என்று ஒரு நாள் எரிச்சலோடு கேட்டேன்.

"மழைக்கு முன்னாடி இது நின்னுட்டாப் போதும்டி. இன்னொரு வருசம் வீட்டுக்குள்ள சேறு அள்ள எனக்குத் தெம்பு இல்ல."

புரட்டாசிக் கடைசியில் சரிவு முழுக்க வெள்ளை பூத்தது. அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் தொங்கிவிட்டது.

"உப்பு பூத்துருச்சுடி. மேடம் பாத்தா வேலை கெட்டுப்போச்சுன்னு மூட்டையக் கட்டிருவாங்க."

"போன் போட்டுக் கேளேன்."

"கேட்டா நானே காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும்."

மறுநாள் விடிந்ததும், சுவர் சுரண்டுகிற கரண்டியோடு மேலே ஏறினாள். தன் வீட்டுக்கு நேர் மேலே ஆரம்பித்தாள். அது லேசில் பெயரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, விரல் கனத்துக்குச் சுரண்டிப் பெருக்கித் தள்ளினாள். என் வீட்டுக்கு மேலே வந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலடி. உன் பக்கத்த நாளைக்குப் பாத்துக்கிறேன்."

அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. மழை வெறித்தபோது, அக்கா வீட்டுக்கு மேலே இருந்த கரை மட்டும் அறுத்துக்கொண்டு வந்து பின்கட்டை நிரப்பியிருந்தது. என் வீட்டுக்குள் ஒரு பிடி மண் வரவில்லை. அவளுடைய இடுப்பு வலி என் வீட்டைக் காப்பாற்றியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிரியம்வதா ஓடி வந்தாள். சரிவை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். சந்தோஷத்தை அடக்க முடியவில்லை அவளுக்கு. பிறகுதான் அக்கா வீட்டைப் பார்த்தாள்.

"அக்கா, மத்த இடமெல்லாம் அப்படியே நிக்குது. வெள்ளையா ஓடு மாதிரி கட்டியிருக்கு பாருங்க, அதுதான் நாம உண்டாக்கின கல்லு. இங்க மட்டும் அது ஏன் வரலைன்னு புரியலை."

அக்கா சேற்றுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, என் வீட்டுக்கு மேலே இருந்த அந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வந்துச்சு மேடம்," என்றாள். "எங்க வீட்டுக்கு மேலதான் நல்லா வந்துச்சு."

பிறகு குனிந்து சேற்றை அள்ளத் தொடங்கினாள்.