கல்லில் எனக்கும் ஓர் இடம்

போன வருஷம் நவம்பர் மாதம், செம்பூரில் என் மகள் படிக்கும் பள்ளியை ஒட்டிய சர்ச்சில் நடந்தது இது. மழையில் இடிந்த அதன் சுற்றுச்சுவரைக் கட்ட, தாராவியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நான் சிமெண்டும் பெயிண்டும் இலவசமாகக் கொடுத்திருந்தேன். கொடுத்தால் பேர் போட வேண்டாமா? திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் நாங்கள் கொடுத்த மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் ‘உபயம்’ உண்டு. கரண்ட் போனால்தான் படிக்க முடியும்!

சர்ச் வளாகத்தில் ஒரு பழைய கல். மேல்பாதியைக் காகிதப்பூக் கொடி மூடியிருந்தது. கீழே வரிசையாகப் பேர்கள், அதற்கும் கீழே கொஞ்சம் இடம். நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல் என்று நானே முடிவுகட்டினேன். ஃபாதர் வெளியூர் போயிருந்தார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று, கல் கொத்துபவரை வரச்சொல்லிவிட்டு, கடைசியில் என் பேரைச் சாக்பீஸால் எழுதி வைத்தேன்.

அன்று கல்லறைத் திருநாள். பாண்டுப்பிலிருந்து வந்த ஒரு தமிழ்ப்பெண் அந்தக் கல்லின் முன் மெழுகுவத்தி ஏற்றினார். அப்புறம் என் பேரைப் பார்த்தார்.

“இது போன வருஷம் இல்லியே. பாவம், யாரு பெத்த புள்ளையோ!” என்று சொல்லி, இன்னொன்றை ஏற்றிக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கிட்டே போய், “எதுக்கும்மா மெழுகுவத்தி?” என்றேன்.

அவர் கொடியை விலக்கிக் காட்டினார். உலகப் போருக்குப் போய்த் திரும்பாத இந்தச் சர்ச்சின் பங்கு மக்களின் நினைவாக, என்று இருந்தது. “இதுல கடைசிப் பேரு எங்க தாத்தாவோட அப்பா. போர்க்கப்பல்ல சமையல்காரரா போனவரு. கப்பலோட முங்கிட்டாரு. கல்லறையே கிடையாது, இந்த ஒரு வரிதான். அதுவும் தேய்ஞ்சு போச்சு. அடுத்த வருஷம் படிக்க முடியுமோ என்னவோ.”

“அதுக்குக் கீழ இருக்கது... நான்தாம்மா” என்றேன்.

என்னையும் அந்தப் பேரையும் மாறி மாறிப் பார்த்தவர், விழுந்து விழுந்து சிரித்தார். “அண்ணாச்சி, ஒங்களுக்கு ஆயுசு நூறு!”

அவசரமாகக் கைக்குட்டையால் என்னை அழித்தேன். கொத்துபவர் உளியோடு வந்து சேர்ந்தார். இந்த முறை ஃபாதருக்கு முதலில் போன் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சம்மதிக்க, தேய்ந்த பேர்களையெல்லாம் ஆழமாகக் கொத்தச் சொன்னேன். அந்தப் பெண் மதியம்வரை அங்கேயே இருந்தார். கடைசி வரி முடிந்ததும் தூசியை ஊதிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

“சேட், ஆப்கா நாம்?” என்று கொத்துபவர் இந்தியில் என் பேரைக் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டேன்.

இப்போதெல்லாம் எங்காவது என் பேர் விட்டுப்போனால் வருத்தம் வருவதில்லை; அந்தக் கல்லில் பேர் வருவதற்கு அவர்கள் எதைக் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.