மீதி வைத்த மருந்து

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடித்தபசு முடிந்து ஐந்தாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் ஊர் சங்கரன்கோவில். திருவிழாக் கூட்டம் வடிந்து, ரத வீதியில் மூன்று பலூன் கடைகள் மட்டும் பாக்கி இருந்தன. காலை பத்து மணிக்கு என் பேத்திக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. அப்போது அவளுக்கு நான்கு வயது ஏழு மாதம்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் மகள், பேத்தி. மருமகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. மாதம் இருமுறை வருவார். மகள் கரிவலம்வந்தநல்லூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஏழு நாற்பது பஸ்ஸுக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் திரும்புவாள். அதுவரை பிள்ளைக்கு நான் பொறுப்பு. அவளை மழலையர் பள்ளியில் விடுவது, கூட்டி வருவது, காய்ச்சல் வந்தால் மருந்து கொடுப்பது எல்லாம் என் வேலை.

நான் புள்ளியியல் துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை அறுத்து எடை போட்டு, அந்த வட்டாரத்தின் விளைச்சலை மதிப்பிடுவோம். ஓய்வு பெற்ற பிறகு வயல் இல்லை. எண்ணும் பழக்கம் மட்டும் போகவில்லை. பேத்தியின் காய்ச்சலுக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். தேதி, மணி, டிகிரி, எத்தனை மில்லி மருந்து, வாந்தி எடுத்தாளா என்று கோடு போட்டு எழுதுவேன்.

அந்த நோட்டுப்படி இது ஐந்தாவது தடவை. ஒவ்வொரு தடவையும் காய்ச்சல், அடிவயிற்று வலி, ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல்.

முதல் தடவை உள்ளூர் டாக்டர் சிறுநீரைப் பரிசோதித்து, கிருமித் தொற்று என்று சொல்லி ஏழு நாளைக்கு ஒரு மருந்து எழுதினார். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுக்கும் பொடி மருந்து. மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றது. நான்காம் நாள் காலையில் நான் மருந்தை நிறுத்தினேன். காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு எதற்கு இன்னும் நாலு நாள் மருந்து, உடம்புக்குச் சூடுதானே என்று நினைத்தேன். மீதி மருந்தின் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு, பாட்டிலைப் பிரிட்ஜ் கதவில் வைத்தேன். இரண்டரை மாதம் கழித்து மறுபடி காய்ச்சல் வந்தபோது அதையே எடுத்துக் கொடுத்தேன். அப்போதும் காய்ச்சல் நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது, நான்காவது தடவைகளில் பழைய சீட்டைக் கொண்டுபோய் மருந்துக் கடையில் நீட்டினேன். கடைக்காரர் என்னைவிட இருபது வயது இளையவர்.

"அதே மருந்துதான அண்ணாச்சி? போன தடவ கேட்டுச்சுல்லா? பின்ன எதுக்கு டாக்டர்ட்ட போயி மூணு மணி நேரம் உக்காருதிய?" என்பார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. இரண்டு தடவையும் மூன்று நாள் கொடுத்தேன், நிறுத்தினேன்.

ஐந்தாவது தடவை மட்டும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய மருந்து. செவ்வாய்க்கிழமை காலைக்குள் ஐந்து வேளை ஆகியிருந்தது. காய்ச்சல் இறங்குவதற்குப் பதில் ஏறியது. பிள்ளை நடுங்கினாள். மகளுக்குப் போன் செய்தேன். அவள் அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். முதலில் கோயில் புற்றுமண்ணைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். பிறகு பையை எடுத்தாள். பன்னிரண்டு இருபது பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கிளம்பினோம்.

போகிற இடத்தில் எப்படியும் சிறுநீர் கேட்பார்கள் என்று வீட்டிலேயே பிடித்து ஒரு பாட்டிலில் கொண்டு போயிருந்தேன். நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவிய பாட்டில். ஆஸ்பத்திரி லேபில் இருந்த பெண் மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"தாத்தா, இது ஊறுகா பாட்டிலா?"

"நாலு தடவ கழுவுனேம்மா."

"இத வச்சு டெஸ்ட் பண்ணுனா எலுமிச்சங்காய்க்குத்தான் காய்ச்சல்னு வரும்" என்று சொல்லிவிட்டு, மூடி முத்திரையிட்ட புது டப்பா ஒன்றைக் கொடுத்தாள். பிள்ளையைக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டுமாம்.

மகள் டப்பாவோடு கழிவறைக்குள் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் நின்றேன். பிள்ளை மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தும் வரவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினால் வரும் என்று நினைத்து வெளியிலிருந்து எண்ணினேன். நாற்பதைத் தாண்டியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தாத்தா, நீ எண்ணுனா எனக்கு வராது. அங்கன போ."

போனேன். வந்தது.

டாக்டர் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார். இந்த மாதிரித் தொற்று சிறுநீரகம் வரை ஏறினால் அங்கே தழும்பு விழலாம், அதுதான் பயம் என்று நேரடியாகச் சொன்னார். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று லேபிலிருந்து தெரிய இரண்டு நாளுக்கு மேல் ஆகும்; அதுவரை ஓர் ஊசி போடுவோம் என்றார். பிறகு பிள்ளையிடம் திரும்பினார்.

"பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போவியா மக்கா?"

"போமாட்டேன். அங்கன பல்லி இருக்கு."

"எத்தன பல்லி?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"ஒண்ணுதான். ஆனா பெருசு."

காலை ஒன்பதிலிருந்து மூன்றரை வரை பிள்ளை அடக்கி வைத்திருக்கிறாள். ஆறரை மணி நேரம். தினமும் கூட்டி வருகிற எனக்கு அது தெரியவில்லை.

புதன்கிழமையும் காய்ச்சல் இறங்கவில்லை. வியாழக்கிழமையும் இறங்கவில்லை. மகள் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் மணிக்கொருமுறை காய்ச்சல் பார்த்து நோட்டில் எழுதினேன். எழுதுவதால் என்ன ஆகப்போகிறது என்று அப்போது எனக்கே தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை ரிசல்ட் வந்தது. தாளைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லேப் பெண்ணைப் போய்த் தொந்தரவு செய்தேன். அவள் சலித்துக்கொண்டே ஒரு வட்டமான மூடிய தட்டை வெளிச்சத்தில் காட்டினாள். கையால் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

தட்டு முழுவதும் மெல்லிய பாசி போலக் கிருமி படர்ந்திருந்தது. அதன்மேல் சிறு சிறு வெள்ளை வில்லைகள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து இருக்குமாம். மருந்துக்குக் கிருமி செத்தால் வில்லையைச் சுற்றி வட்டமாக வெறுமையாகிவிடும். சாகாவிட்டால் வில்லையின் ஓரம் வரை நெருங்கி வளர்ந்திருக்கும். தண்ணீர் கட்டிய வயலில் நடுகை போலச் செழிப்பாக இருந்தது அது. நான் எண்ணினேன். இரண்டு தட்டுகளிலும் சேர்த்துப் பன்னிரண்டு வில்லைகள். சுற்றிலும் வெறுமை இருந்தது மூன்றுக்குத்தான்.

"நாங்க குடுத்த சிரப்பு எதும்மா?"

அவள் விரலால் காட்டினாள். அந்த வில்லைமேல் ஏறி உட்காராத குறையாகக் கிருமி வளர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து போட்ட ஊசிக்கும் அதே கதி.

டாக்டர் உடனே ஊசியை மாற்றினார். அதன் பிறகு என் நோட்டைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்து, "இப்படி ஒருத்தரும் எழுதி வச்சு நான் பாத்ததில்ல சார்" என்றார். எனக்கு அந்த நிலையிலும் ஒரு சந்தோஷம். அவர் பக்கங்களைப் புரட்டினார்.

"மூணு நாளுக்கு மேல காணோமே, எழுத மறந்துட்டியளா?"

"மறக்கல. காய்ச்சல் நின்னுச்சு, நிறுத்திட்டேன்."

"இந்த ரெண்டாவது தடவ எந்த டாக்டர் எழுதுனாங்க?"

"யாரும் எழுதல. பிரிட்ஜ்ல மீதி இருந்துச்சு."

"எத்தன நாளா?"

"எழுபத்தாறு நாள்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தண்ணீர் கலந்த மருந்துக்குச் சில நாள்தான் ஆயுள் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். என் பேனாக் கோடு அந்த எழுத்துக்கு மேலேதான் ஓடியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பிள்ள உடம்புக்கு மருந்து பழகிப்போச்சாம்மா?" என்று கேட்டேன்.

"பிள்ள உடம்புக்கு ஒண்ணும் பழகல. கிருமிக்குத்தான் பழகியிருக்கு. அடிக்கடி மருந்து குடுக்கும்போது குடல்ல இருக்கிற கிருமியில சாகிறது சாகும், சாகாதது நிக்கும். நிக்கிறதுதான் பெருகும். அதுதான் மேல ஏறி வந்திருக்கு."

"அப்போ பல்லி?"

"அடக்கி வச்சதால தொத்து வந்திருக்கலாம். மருந்து கேக்காதது வேற விஷயம். ரெண்டையும் சேத்துக் குழப்பாதீங்க."

நான் ஏற்கெனவே குழம்பித்தான் இருந்தேன். "மருந்து கேக்காதது என்னாலதானா?"

"அப்படிச் சொல்ல முடியாது சார். இந்த மருந்த ஒரு வாய்கூடக் குடிக்காத பிள்ளைகளும் இதே மாதிரிக் கிருமியோட வருது. தண்ணியில வரலாம். வீட்டுல, தெருவுல யார்ட்ட இருந்து வேணாலும் வரலாம்."

"அப்போ என்னால இல்லையா?"

"அப்படியும் சொல்ல முடியாதே."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா."

"இந்த ஊசி கேக்குதான்னு முதல்ல பாப்போம்" என்று எழுந்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வயலை அறுத்துப் பார்த்து வட்டாரத்தின் விளைச்சலை யாரும் எழுத மாட்டார்கள். பல வயல் வேண்டும். ஒரு பிள்ளையை வைத்து இதனால்தான் அது என்று சொல்ல முடியாது. இதை நானே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் எனக்கு இருப்பது ஒரே ஒரு பேத்தி.

மருந்தை நான் பாதியில் நிறுத்தியது மகளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். நடைபாதைப் பெஞ்சில் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நான்கு தடவை, மூன்று மூன்று நாள், பிரிட்ஜ் பாட்டில், பழைய சீட்டு. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

அவளோ, "பிரிட்ஜ்ல பாட்டில நானும் பாத்தேம்ப்பா. தெனமும் பாலு எடுக்கையில பாத்தேன். பாதி அப்படியே இருக்கேன்னு தோணத்தான் செஞ்சுச்சு. அதான் காய்ச்சல் விட்டுட்டே, சும்மா எதுக்கு மருந்துன்னு நானும் விட்டுட்டேன். டாக்டர்ட்ட போனா லீவு வேற போடணும்" என்றாள்.

இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. குற்றத்தை முழுதாகச் சுமந்துகொண்டு வந்தவனிடமிருந்து அவள் பாதியை வாங்கிக்கொண்டாள். ஆனால் என்னிடம் இருந்தது குறையவில்லை.

சனிக்கிழமை மாலை காய்ச்சல் நூறுக்கு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளை எழுந்து உட்கார்ந்து, "இட்லி வேண்டாம், புரோட்டா வேணும்" என்றாள். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். புது ஊசி பத்து நாள். ஒரு நாள்கூடக் குறைக்காமல் இருந்து முடித்துவிட்டு ஊர் திரும்பினோம். பள்ளியில் பேசி, கழிவறைக்கு ஆயாம்மா கூடவே போய் நிற்பதாக ஏற்பாடு செய்தோம்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். வலது சிறுநீரகத்தில் சிறியதாக ஒரு தழும்பு இருக்கிறது. பயப்பட வேண்டாம், வருடா வருடம் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். இதுவரை எல்லாம் சரியாக இருக்கிறது. அவளுக்கு இப்போது ஏழு வயது. என்னை ஓடிப்பிடிக்கச் சொல்லி உயிரை வாங்குகிறாள்.

அதன் பிறகு காய்ச்சல் வந்தால் டாக்டரிடம்தான் போகிறோம். மருந்து வேண்டாம், சாதாரணச் சளி என்று அவர் திருப்பி அனுப்பினால் பேசாமல் திரும்பி வருகிறேன். எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை கொடுக்கிறேன். மருந்துக் கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்படியா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த ஆளுக்குப் பழைய சீட்டைப் பார்த்து மருந்து எடுத்தார். அந்த ஆளின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது. எந்த உரிமையில் நிறுத்துவது என்று யோசிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அந்தத் தழும்பு என்னால் வந்தது என்று டாக்டர் சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன், இல்லை என்றிருந்தால் மறந்திருப்பேன். அவர் சொன்ன 'சொல்ல முடியாது' மட்டும் மூன்று வருடமாக என் எதிரே உட்கார்ந்து, நான் குடிக்கும் காப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.