ஸ்போர்ட்டில் ஏறி ஈகோவில் இறங்கிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்கு ஹட்டனை விட்டுப் புறப்பட்டோம். நான், என் தம்பி குமார், எங்கள் அத்தை. இறம்பொடைக்குச் சற்று மேலே உள்ள ஒரு தோட்டத்தில் தம்பிக்குப் பெண் பேசியிருந்தது. அன்றைக்கு வெற்றிலை பாக்கு மாற்றி, பெண்ணுக்குச் சேலை கொடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். நாலரைக்கு ராகுகாலம், அதற்கு முன் வந்துவிடுங்கள் என்று பெண் வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியா நாற்பத்தைந்து கிலோமீற்றர் இருக்கும், அங்கிருந்து இறம்பொடை இன்னொரு முப்பது. கையில் நான்கு மணி நேரம். எங்களிடம் இருக்கிற காருக்கு இது ஒரு தூரமா என்று நினைத்தேன்.

கார் என்னுடையது அல்ல. நான் கொழும்பில் ஒரு வாரப் பத்திரிகைக்கு வாகனங்களைப் பற்றி எழுதுகிறவன். ஓட்டிப் பார்த்து எழுதச் சொல்லி இறக்குமதிக் கம்பெனியொன்று இரண்டு நாளைக்குக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, எட்டு கியர், எல்லாம் ஆட்டோமேட்டிக். கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதில் ஈகோ, கம்ஃபர்ட், ஸ்போர்ட் என்று மூன்று வகை. மூன்றிலும் ஓடுவது ஒரே இன்ஜின்தான், ஆனால் கியர்பெட்டியின் குணம் தலைகீழாக மாறிவிடும். ஈகோவில் அது சோம்பேறி. கார் நகர்ந்ததும் மளமளவென்று மேல் கியருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், எளிதில் கீழே இறங்காது. கம்ஃபர்ட்டில் பெட்டி மாற்றுவதே நமக்குத் தெரியாது. ஸ்போர்ட்டில் அதற்குக் கோபம் வந்துவிடும். இன்ஜின் அலறும்வரை கியரைப் பிடித்து வைத்திருக்கும். பிரேக்கைத் தொட்டால் போதும், தானாகவே ஒரு கியர் கீழே இறங்கி உறுமும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் உள்ளே இருப்பவர்களின் தலை ஒரு முறை முன்னே போய்ப் பின்னே வரும். மலைநாட்டு வளைவுகளில் இந்த மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுதுவதற்காகத்தான் காரையே வாங்கி வந்தேன்.

வேனில் போவோம் என்றுதான் குமார் சொன்னான். பெண்ணின் அப்பா பகட்டு பிடிக்காத மனிதர். பெரியவர்களை மதிக்கிற வீடா என்று மட்டும் தரகரிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். நான்கு வாகனத்தில் ஆர்ப்பாட்டமாக வந்து இறங்கிய ஒரு சம்பந்தத்தை வாசலோடு அனுப்பிவிட்டாராம். மூன்று பேர் போகிறோம், ஒரே ஒரு கார், இதில் என்ன பகட்டு என்று நான் தம்பியின் வாயை அடைத்தேன்.

அத்தை எங்கள் அப்பாவின் தங்கை, அப்பா அம்மா போனபிறகு எங்களுக்கு மிஞ்சிய பெரியவர். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பராவில் வேலை. வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. தோட்டத்தில் யாருக்கும் பயப்படாத அத்தைக்கு வாகனம் என்றால் மட்டும் பயம். பஸ்ஸில் தலவாக்கலைக்குப் போய்வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். அதனால் பயணம் என்றால் வெறும் வயிறு, மடியில் ஒரு எலுமிச்சம்பழம், வாந்தி வந்தால் பிடிக்கக் கையில் ஒரு சொப்பிங் பேக் என்று தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். நான் அந்த முறையைக் கலைத்தேன். நல்ல காரியத்துக்கு வெறும் வயிற்றோடு போகக்கூடாதென்று ஹட்டனில் இரண்டு ரொட்டியும் பால் தேத்தண்ணியும் சாப்பிட வைத்தேன். இது பஸ் இல்லை, தொட்டில் மாதிரிப் போகும், இதற்குள் போய் யாராவது பை பிடித்துக்கொண்டு உட்காருவார்களா என்று கேலி செய்து, பேக்கை வாங்கி டிக்கியில் போட்டுப் பூட்டினேன். அத்தையும் சிரித்தார். மாம்பழ நிறத்தில் புதுச் சேலை கட்டியிருந்தார். என் பக்கத்துச் சீட்டில் இருந்தார், மடியில் பழத் தட்டு. பின்சீட்டில் குமார் முழங்காலை நெஞ்சில் முட்டவைத்து, பெண்ணுக்கு வாங்கிய சேலைப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கொட்டகலை வரை கம்ஃபர்ட். நீர்வீழ்ச்சிகளைப் பார்க்க நிறுத்துகிற இடத்தில் நான்கைந்து இளைஞர்கள் காரைப் பார்த்துக் கைபேசியைத் தூக்கினார்கள். அவ்வளவுதான், என் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. ஸ்போர்ட். தலவாக்கலை கடைத்தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்க்க ஓட்டினேன். லிந்துலை தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. வளைவுக்கு முன் பிரேக், பெட்டி நான்கிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து இரண்டுக்கு என்று இறங்கி வெடிக்கும். வளைவு முடிந்து காலை அழுத்தினால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். கட்டுரைக்கு வேண்டிய வாக்கியங்கள் தாமாகவே வந்துகொண்டிருந்தன.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்க. அத்தைக்கு ஒத்துக்கல" என்றான் குமார். இரண்டாம் தடவையும் சொன்னான். இன்னும் நான்கு வளைவுதான், பாதை நேராகிவிடும் என்று நான் சொன்னேன். அத்தை எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். நானுஓயாவுக்குக் கீழே ஒரு வளைவில் என் தொடையை இறுகப் பிடித்தார். நான் ஓரங்கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புதுச் சேலை, மடியிலிருந்த தட்டு, வெற்றிலை, பழம் எல்லாவற்றிலும். டிக்கியைத் திறந்தபோது சொப்பிங் பேக் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"காரு நாசமாப் போச்சே ரவி" என்பதுதான் அத்தை முதலில் சொன்ன வார்த்தை. அந்த நேரத்திலும் என் கண் சீட்டைத்தான் பார்த்தது. அதை அவர் கவனித்துவிட்டார்.

இரண்டு மணிக்கு நுவரெலியா. பொதுக் கழிப்பறையில் ஆளுக்கு ஐம்பது ரூபாய். அத்தை உள்ளே போய், உடம்பில் கட்டியபடியே சேலையை முந்தானையிலிருந்து முழங்கால்வரை அலசிப் பிழிந்துகொண்டு வெளியே வந்தார். வேறு சேலை வாங்கித் தருகிறேன் என்று சந்தைக்கு எதிரே இருந்த கடைக்குக் கூப்பிட்டேன். இந்தக் கோலத்தில் கடைக்குள் வரமாட்டேன், கட்டிக்கொண்டே காயவைத்துவிடுவேன் என்று மறுத்துவிட்டார். குமார் புதுத் தட்டு, பழம், வெற்றிலை வாங்கி வந்தான். ஆப்பிள் ஒன்று நூற்றிருபது ரூபாய். நுவரெலியாவின் குளிர், அங்கே போகாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும், நிழலுக்குள் போனால் பல் கிட்டும். அந்தக் குளிரில் ஈரச் சேலையோடு அத்தை கடை வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தெரிந்தவர்கள் யாரும் வந்துவிடக்கூடாதென்று நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். ஏன் தள்ளி நின்றேன் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மூன்று மணிக்குக் கிளம்பும்போது பொத்தானை ஈகோவில் வைத்தேன். இனி ஒரு குலுக்கல்கூட அத்தைக்குத் தெரியக்கூடாது என்பதுதான் என் எண்ணம். லபுக்கலை தாண்டி இறம்பொடை வரை ஒரே இறக்கம், கொண்டை ஊசி வளைவுகள். இப்படிப்பட்ட இறக்கத்தில் கியர்பெட்டியைக் கீழ் கியரில் பூட்டி, இன்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும். இதை நானே என் பத்தியில் இரண்டு மூன்று தடவை எழுதியிருக்கிறேன். ஈகோ அதற்கு நேர்மாறு. காலை எடுத்ததும் பெட்டி மேல் கியருக்கு ஏறி, இன்ஜினின் பிடியைத் தளர்த்திவிடும். கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டே போகும், அதன் பாரம் முழுவதையும் பிரேக்தான் தாங்க வேண்டும். விட்டு விட்டு மிதித்தால் அத்தைக்குக் குலுங்கும் என்று நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஏற்றத்தில் இருந்திருக்க வேண்டிய பணிவை இறக்கத்தில் காட்டினேன்.

மூன்றரைக்கு மேல், பெண் வீட்டுக்கு இன்னும் எட்டு கிலோமீற்றர் இருக்கையில், கருகல் வாடை வந்தது. பிரேக் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. நல்லவேளை, வளைவுக்கு வெளியே அகலமான இடம் இருந்தது. நிறுத்தி இறங்கினேன். முன்சக்கரம் இரண்டிலிருந்தும் மெல்லிய புகை. பிரேக் சூடேறிப்போனது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொழும்பிலிருந்து அவசர அழைப்பு என்று சொல்லிவிட்டு, கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தேயிலை ஓரமாக நடந்தேன். மறுமுனையில் ஒருவரும் இல்லை. ஆமாம், சரி, பார்க்கலாம் என்று நானாகவே பேசிக்கொண்டிருந்தேன். சூடு ஆற அரை மணியாவது வேண்டும், அதுவரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

கருகல் வாடையில் அத்தை மறுபடியும் ஓங்கரித்துக்கொண்டு காரை விட்டு இறங்கினார். சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரவி, சக்கரத்துல பொகை வருது. நீ யாருகிட்டடா பேசுற?"

கைபேசியைச் சட்டைப் பையில் போட்டேன். என்ன நடந்தது, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் சொன்னேன். அத்தை திட்டவில்லை. நேரம் என்ன என்று குமாரிடம் கேட்டார். ஐந்து நிமிடத்துக்குள் நுவரெலியாவிலிருந்து கண்டி போகிற பஸ் வந்தது. பஸ் என்றாலே கும்பிடு போடுகிற அத்தை தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டி அதை நிறுத்தினார். குமார் சேலைப் பெட்டியோடு ஏறினான்.

"நீயும் வாறியா?" என்று படியில் நின்று அத்தை கேட்டார்.

நான் காரைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு விநாடிதான் பார்த்திருப்பேன். "சரி, நீ ஆற வச்சுட்டு வா" என்று அவர் உள்ளே போய்விட்டார். காரைப் பூட்டிவிட்டு ஏறியிருக்கலாம். சிவப்புக் காரை யாரும் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். தம்பியின் நிச்சயத்துக்கு வந்த மூத்தவன், இன்னொருவருடைய காருக்குக் காவலாகத் தெருவோரத்தில் நின்றேன்.

நாலரை ஆகப்போகும்போது சக்கரங்கள் ஆறின. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள, கையால் கியர் மாற்றுகிற தகட்டைத் தட்டி, பெட்டியை இரண்டாம் கியரில் வைத்துக்கொண்டு இறங்கினேன். இன்ஜின் முனகிக்கொண்டு காரைப் பிடித்துக்கொண்டது. பிரேக்குக்கு வேலையே இல்லை. அவ்வளவு சுலபமான காரியம்.

பெண் வீடு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைத் தாண்டித் தனியாகக் கட்டிய சிறிய வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி, வெற்றிலை மாற்றி முடிந்திருந்தது. கூடத்தில் குமார் நெற்றியில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அத்தை. பச்சை நிறத்தில், துவைத்துத் துவைத்துப் பழசான ஒரு நூல் சேலை கட்டியிருந்தார். ரவிக்கை தோளில் தொங்கியது. பெண்ணின் அம்மாவுடையது என்று பார்த்ததுமே தெரிந்தது. சேலை கொடுக்க வந்த வீடு நாங்கள். எங்கள் பக்கத்து மூத்த பெண்மணி அவர்கள் கொடுத்த சேலையை உடுத்திக்கொண்டு அவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகக் கால் வரவில்லை.

பெண்ணின் அப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. அத்தை எல்லாம் சொன்னாங்க. நான் பஸ்லதான் வருவேன்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னதும், அவ்வளவு பெரிய காரையே ஓரங்கட்டிட்டு, பஸ்ஸ நிப்பாட்டி ஏத்திவிட்டீங்களாமே. பெரியவங்க பேச்சுக்கு நிக்கிற வீடு. எனக்கு இது போதும்."

நான் அத்தையைப் பார்த்தேன். நுவரெலியாவில் குழாயடியில் வழுக்கி விழுந்து சேலையை நனைத்துக்கொண்டதாக அவர் பெண்ணின் அம்மாவிடம் மறுபடியும் விவரித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் தம்பியின் கல்யாணம் போகும், அத்தையின் வாக்கும் போகும். "ஆமாங்க" என்றேன். என்னை நடு நாற்காலியில் உட்காரவைத்து, கேசரியும் வடையும் முதலில் எனக்குத்தான் வைத்தார்கள். தின்றேன். தொண்டையில் இறங்கியது, அதுதான் அதிசயம்.

ஆறு மணிக்கு விடைபெற்றோம். அத்தையின் ஈரச் சேலையை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பச்சைச் சேலையை வைத்துக்கொள்ளுங்கள், இனி நமக்குள் என்ன என்று பெண்ணின் அம்மா சொன்னார். பஸ்ஸில் போகலாமா என்று நானே அத்தையிடம் கேட்டேன். அவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

கம்ஃபர்ட்டில் வைத்து, பாதத்தை மெதுவாக அழுத்தினேன். ஏற்றத்துக்கு வேண்டிய கியரைப் பெட்டி தானாகத் தேடிக்கொண்டது. இரண்டுக்கும் மூன்றுக்கும் போனதும் வந்ததும் முள்ளைப் பார்த்தால்தான் தெரிந்தது. வளைவுக்கு வெகு முன்பே காலை எடுத்ததால் பிரேக்குக்குத் தேவையே வரவில்லை. லபுக்கலை போனது, நுவரெலியா விளக்குகள் போயின, கீழ் கியரில் பிடித்து இறங்க நானுஓயாவும் போனது. மதியம் நிறுத்திய வளைவையும் கடந்தோம். பின்னால் குமார் தூங்கிவிட்டான். அத்தை எலுமிச்சம்பழத்தைக்கூடக் கையில் எடுக்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தலவாக்கலைக்குப் பக்கத்தில் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் ரவி, இது அதே காருதானே? இப்புடியும் ஓடுமா?"

"ஓடும் அத்தை. போறப்பவே இப்புடி ஓடியிருக்கும்."

அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் வெளியே பார்த்தார்.