மூன்று நாள் வேண்டாத கோழிகள்

"என் கோழிக்கு மூணு நாளும் வேணாம், மூணு நிமிசமும் வேணாம். கூண்டுலேருந்து நேரா சட்டிக்குப் போவலாம்!"

பரங்கிப்பேட்டை சேக் பரீது 1967-ஆம் வருஷக் கோடையில், ஏழு பேரும் ஓர் ஆடும் கூடியிருந்த டீக்கடையில் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். ஆடு மட்டும் மறுத்துப் பேசவில்லை.

விஷயம் சின்னதல்ல. தெருவில் மேயும் கோழி கண்டதையும் தின்னும். அதனால் அறுப்பதற்கு முன் மூன்று நாள் கட்டிப்போட்டு, சுத்தமான தீனியும் தண்ணீரும் கொடுத்து அதன் வயிற்றைச் சுத்தப்படுத்துவது அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் வழக்கம். சேக் பரீதின் முப்பத்திரண்டு வெள்ளைச் சேவல்களோ மண்ணையே மிதிக்காதவை. கம்பிக் கூண்டில் பிறந்த நாள் முதல் மூட்டைத் தீனி தின்று வளர்ந்த சீமைப் பிரபுக்கள்.

பினாங்கில் பதினோரு வருஷம் மளிகைக் கடையில் மூட்டை தூக்கியவர் அவர். அங்கே ஒரு கோழிப் பண்ணையை வேலிக்கு வெளியே நின்று இரண்டு தடவை பார்த்திருந்தார். கோழி வளர்ப்பில் அவருடைய கல்வித் தகுதி அதுதான்.

போதாததற்கு, கிரீடம் வைத்த சேவல் படம் போட்ட தகர டப்பா ஒன்றும் இருந்தது. உள்ளே மருந்தும் தாது உப்பும் கலந்த பொடி. கடலூரில் அதை விற்ற மரியலூர்து கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியனுப்பினார்: "மூட்டைக்கு ஒரு கரண்டி, பாய். ஜாஸ்தி போட்டுடாதீங்க. உப்பு இருக்கு."

அது உள்ளூர்க் கோழிக்குச் சொன்ன அளவு என்று பஸ்ஸிலேயே தீர்மானித்துவிட்ட சேக் பரீது, நாலு கரண்டி போட்டார்.

அப்போதுதான் சிதம்பரத்தில் துணிக்கடை வைத்திருந்த மச்சான் கிபாயத்துல்லாவின் மகளுக்கு நிக்காஹ் குதிர்ந்தது. விருந்துக்கு முப்பது கோழி எங்கள் வீட்டுச் சீர் என்று சேக் பரீதின் மனைவி ரஹ்மத் பீவி தன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

நிக்காஹுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோழிகளுக்குக் கழிச்சல் கண்டது. சேக் பரீது பொடியை ஆறு கரண்டியாக்கினார். கோழிகள் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை. குடித்தன, கழிந்தன, இறகை உப்பிக்கொண்டு நின்றன.

"என்னாங்க இது, கூண்டுக்குக் கீழ கொளம் வெட்டி வெச்சிருக்கீங்க?" என்றார் ரஹ்மத் பீவி.

"ஒடம்பு சுத்தமாவுது. உள்ள இருக்கற அழுக்கெல்லாம் வெளிய வருது."

"மண்ணே மிதிக்காத கோழிக்கு ஏதுங்க அழுக்கு?"

பினாங்குக் கல்வியில் இந்தக் கேள்வி வந்ததில்லை. ரஹ்மத் பீவி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் பேசினார்.

"பதினோரு வருசத்துல அண்ணன் வூட்டு விசேசம் நாலு. நாலுக்கும் தனியாத்தான் போனேன். ஒன் வூட்டுக்காரரு எங்கன்னு கேக்காதவங்க கெடையாது. இந்தத் தடவதான் சேந்து போறோம். சீக்குக் கோழியத் தூக்கிக்கிட்டுப் போயி அங்க நிக்க வெச்சிடாதீங்க என்னை."

சேக் பரீது தகர டப்பாவின் மூடியை மூடினார். ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. "முப்பத எடுத்து மூணு நாளு கட்டிப்போட்டுக்க. ரெண்ட மட்டும் என் முறைக்கே வுட்டுடு" என்றார்.

வியாழக்கிழமை காலை ரஹ்மத் பீவி பழைய புடவை ஒன்றைப் பட்டை பட்டையாகக் கிழித்தார். கயிறு என்றால் அந்தப் பூஞ்சைக் கால்கள் அறுந்துவிடுமாம். மேற்பார்வைக்கு மட்டும் வந்த சேக் பரீது, முப்பது கோழியையும் ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். கழுவிய நொய்யரிசி, நீர்மோர் கலந்த தண்ணீர், வேறெதுவும் கிடையாது.

ஞாயிறு விடிந்ததும் அவர் போட்ட கூச்சல் பிறை கண்டவன் கூச்சல்.

"ரஹ்மத்து! வந்து பாரு! கெட்டியா, கருப்பா, மேல வெள்ளத் தொப்பி போட்டாப்புல!"

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் வந்து பார்த்தார். எச்சத்தைப் பார்த்து இருவர் அப்படிச் சிரித்ததை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை. கூண்டிலிருந்த இரண்டும் மட்டும் சேக் பரீதின் முறைப்படி கழிந்துகொண்டிருந்தன.

திங்கட்கிழமை விருந்தில், பத்துப் பேர் காதில் விழ கிபாயத்துல்லா கேட்டார்: "கறி பூவா இருக்கே மச்சான்! இதுதான் மூணு நாள் வேணாத கோழியா?"

திரைச்சீலைக்குப் பின்னால் ரஹ்மத் பீவியின் வளையல் சத்தம் நின்றது.

"சோறு ஆறுது, சாப்புடுங்க மச்சான்" என்றார் சேக் பரீது.

ரஹ்மத் பீவி மணப்பெண்ணுக்குத் துணையாக அங்கேயே தங்கினார். "வெள்ளிக்கெழம வந்துடறேன்" என்று பஸ் வரைக்கும் வந்து சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை சேக் பரீது தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். டீக்கடைக்காரர்கள் யாரும் தென்படவில்லை. கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு, கூண்டில் மிஞ்சியிருந்த இரண்டையும் எடுத்தார். துவைத்து மடித்து வைத்திருந்த புடவைப் பட்டையில் இரண்டை உருவி, ஒரு விரல் நுழையும் அளவு தளர்த்திக் காலில் கட்டினார். கிரீடச் சேவல் டப்பாவிலிருந்த பொடியைக் குழியில் கொட்டி மூடினார். டப்பாவைச் சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவி, அதில் நீர்மோர் கரைத்து நிழலில் வைத்தார்.

கோழிகள் சந்தேகத்தோடு பார்த்தன.

"குடிங்க" என்றார். "வெள்ளிக்கெழம அவ வரா."