கடிதம் இல்லாத மாற்றம்

ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. வெளிப் பட்டறைகளுக்கு ஆர்டர் கொடுப்போம். பேசிய விலைக்கு மேல் செலவாகிவிட்டது என்று யாராவது எழுதினால், நேரில் போய்ப் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று நான் அறிக்கை தர வேண்டும்.

குன்றாண்டார்கோவில் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த ஒருவர் அப்படி எழுதியிருந்தார். டிராக்டர் பாகங்களோடு எங்கள் வெடிமருந்துப் பெட்டி மூடிகளுக்குக் கீலும் செய்து தருபவர். எனக்குச் சொந்த ஊர் அதே மாவட்டத்துக் கறம்பக்குடி என்பதை என் பேச்சிலேயே கண்டுகொண்டார். நம்ம ஊர்க்காரர் என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது.

மூன்று காரணங்கள் சொன்னார். தகடு விலை ஏறிவிட்டது, வெட்டும்போது நிறைய வீணாகிவிட்டது, பாதி வேலையில் கீலின் கனத்தைக் கூட்டச் சொன்னார்கள். முதல் இரண்டும் ஒப்பந்தப்படி அவர் பொறுப்பு. மூன்றாவது எங்களுடையது. ஆனால், கனத்தைக் கூட்டச் சொன்ன கடிதம் எங்கே என்று கேட்டால் அவரிடம் இல்லை.

"ஒங்க என்ஜினியர் போன்லதாங்க சொன்னாரு. அவசரம்னாரு. எழுதிக் குடுங்கன்னு நான் எப்படிங்க கேக்குறது?"

மூலையில் ஒரு சாக்கு நிறையப் பழைய மெல்லிய கீல்கள் கிடந்தன. அதில் ஒன்றையும் புதியதில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

என்ஜினியர் என்னைவிட மூத்த அதிகாரி. தான் சொன்னது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். எழுதித் தரச் சொன்னதும் பேச்சை மாற்றினார். அனுமதி வாங்காமல் மாற்றச் சொன்னது அவர் தலையில் விழும். நான்கு நாள் பொறுத்துவிட்டு, அவர் மேஜைக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

"நீங்க எழுதித் தரலைன்னா, பட்டறைக்காரர் சொல்றதுக்கு ஆதாரம் இல்லைன்னு நான் எழுதணும் சார்."

தாளை இழுத்து எழுதினார். மேலிடத்திலிருந்து அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அவர் என்னோடு டீ குடிக்க வருவதில்லை.

கூட்டிய கனத்துக்கு மட்டும் பணம் அனுமதியானது. பட்டறைக்காரருக்கு நானே போன் செய்து சொன்னேன்.

"கேட்டதுல பாதிகூட வரலையேங்க," என்றார். தகடு விலையை டெண்டர் போடும்போதே யோசித்திருக்க வேண்டும் என்றும், இனி கடிதம் வராமல் எதையும் மாற்ற வேண்டாம் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இனிமே டிராக்டர் வேலையோட நிறுத்திக்கிறேங்க."

மீதிக் கீல்களைச் சொன்ன தேதியில் அனுப்பிவைத்தார். அடுத்த டெண்டரில் அவர் விலை போடவில்லை. அவருடைய பழைய விலையைவிடக் கூடுதலாகக் கேட்ட ஒருவருக்கு ஆர்டர் போனது. அந்தக் கோப்பிலும் விலை சரிதான் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன்.