கால்வாய்க்குச் சுவர் எழுந்த ஐப்பசி

அயனம்பாக்கத்தில், வீட்டுக்குப் பின்னால் கால்வாய்ச் சுவரை உயர்த்துகிறார்கள். ஈரச் சிமெண்ட் வாசனை என்னைப் பள்ளி நாட்களின் ஓர் ஐப்பசிக்கு இழுத்துப்போனது.

வளைந்து ஓடிய கால்வாயை நேராக்கி, எங்கள் பக்கம் மட்டும் செங்குத்தாகச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அக்கரையில் மேயும் எங்கள் எருமை, மாலையில் தானாக நீந்தி வீடு வரும். சுவர் முடிந்த அன்றும் அப்பா அப்படியே விட்டிருந்தார். மழையில் வெள்ளம் ஏறியது. நீந்தி வந்த எருமைக்குக் கரையேறச் சரிவு இல்லை. அப்பா சுவர்மேல் குப்புறப் படுத்துக் கொம்பைப் பிடித்துக்கொண்டார்.

“உட்டுடு அண்ணாத்தே, நீயும் பூடுவே!” என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார்.

“ஊட்டுக்கு வந்துகினு கீதுடா, எப்டி உடுவேன்?” என்றார் அப்பா.

கொம்பு நழுவியது; எருமையை வெள்ளம் கொண்டுபோனது.

இன்று பொறியாளரிடம் சுவரில் படி வைக்கச் சொன்னேன்.

“இதுல யாரு சார் எறங்கப்போறா?” என்று சிரித்தார்.

“எறங்க இல்ல தம்பி, ஏற” என்றேன்.